ஒரே இறாலின் இரண்டு படங்கள்

மகளுக்கு, வாப்பா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் கடிதம் எழுதுவது உனக்குப் புதினமாக இருக்கும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் இந்தக் கதையை எடுத்தால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய். நீ போகாவிட்டால் உன் உம்மா நடுவில் புகுந்து, பயணப் பெட்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்ற விசயத்துக்குக் கதையைத் திருப்பிவிடுவா. கடிதத்தை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. இதை மருமகனும் வாசிக்கட்டும் என்று நினைத்தே எழுதுகிறேன். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளைக்கூட விளக்கிச் சொல்லுவேன். அந்த இடங்களில் கொஞ்சம் பொறுத்துக்கொள். பொறுமை உனக்குக் குறைவு, அது என் பக்கத்திலிருந்து வந்ததில்லை.

கலியாணத்துக்கு மறுகிழமை நம் வீட்டில் விருந்து வைத்தோமே, அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மருமகன் என்னிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். "மாமா, கலியாணப் படம் ஒவ்வொருத்தர்ட போன்லயும் ஒவ்வொரு வடிவத்துல இரிக்கி. சிலது என்ட கொம்பியூட்டர்ல திறக்குதே இல்ல. போறதுக்கு முன்னுக்கு எல்லாத்தையும் ஒண்டாச் சேத்து வைக்கணும். எதுல வைக்கிற நல்லம்?" என்றார். இறால் குளம் வைத்திருக்கும் மாமனாரிடம் இதைக் கேட்கலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது, மரியாதைக்குக் கேட்டிருப்பார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ கையிலிருந்த வட்டிலப்பக் கோப்பையைக் கீழே வைத்தாய். "எதுலயாவது வைங்க. அழிஞ்சாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாய். பாவம் அந்த மனுசன், தான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதாக நினைத்து என் முகத்தைப் பார்த்தார். நான் தேத்தண்ணீரைப் பார்த்தேன்.

பிறகு அவர் என்னோடு மதுரங்குளிச் சந்திவரை வந்தபோது இன்னொன்றையும் சொன்னார். நீங்கள் போகப்போகும் நியூசிலாந்தில், மீனுக்கும் இறாலுக்கும் நோய் பார்க்கும் ஆய்வுகூடம் ஒன்று உன்னை வேலைக்கு எடுக்க விருப்பம் தெரிவித்து எழுதியிருக்கிறதாம். நீ இன்னும் பதில் போடவில்லையாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்கிறாயாம். "ஏன் மாமா, படிச்சது அதானே?" என்று கேட்டார். நம் வாய்க்காலில் நடந்தது அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ சொல்லவில்லை. பாடம் சொல்லிக்கொடுப்பது நல்ல வேலை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீ அந்த வேலையை விரும்பிப் போகவில்லை, மற்ற வேலைக்குப் பயந்து போகிறாய். எனக்குக் கவலை இந்த ஒன்றுதான். நீ தூரம் போவதுபற்றி உன் உம்மா அழுவது போதும், அதற்கு இரண்டு பேர் தேவையில்லை.

மருமகனுக்காக எங்கள் வாய்க்காலைப் பற்றிச் சொல்கிறேன். உப்புத் தண்ணீர்க் களப்புப் பக்கம் இறங்கினால் அந்த வாய்க்காலின் இரு கரையிலும் இறால் குளங்கள்தான். எங்கள் எல்லாருக்கும் தண்ணீர் ஒன்றுதான். நான் கழித்துவிடும் தண்ணீரை எனக்குக் கீழே இருப்பவர் இறைத்து எடுக்கிறார், அவர் கழிப்பதை அடுத்தவர் எடுக்கிறார். வெள்ளைப்புள்ளி நோய் ஒரு குளத்தில் விழுந்து அந்தத் தண்ணீர் வாய்க்காலில் கலந்தால், கீழே இருக்கிறவர்களின் அந்தப் போகம் முடிந்தது. சட்டம் இருக்கிறது, அதிகாரிகளும் வந்து போகிறார்கள். ஆனால் எங்களைக் காப்பாற்றி வந்தது ஒரு வழக்கம்தான். மேல்குளத்துக்காரர் மதகைத் திறப்பதற்குமுன் வீச்சு வலை போட்டு இறால் பிடித்து, தலை ஓட்டைக் கழற்றி, வெயிலுக்கு நேரே பிடித்துப் படம் எடுத்து, போனில் நாங்கள் வைத்திருக்கும் குழுவில் போடவேண்டும். நோய் இருந்தால் ஓட்டின் உட்பக்கத்தில் வெள்ளையாகப் புள்ளி தெரியும். கீழ்க்குளத்துக்காரர் படத்தைப் பார்த்து, சரி என்பதற்கு 'ஓம்' என்று எழுதவேண்டும். அந்த ஓம் வரும்வரை மதகில் யாரும் கை வைப்பதில்லை. வரம்புச் சண்டையில் முகம் பார்க்காமல் இருக்கிறவர்கள்கூட இந்த ஓமை மறுத்ததும் இல்லை, மீறியதும் இல்லை.

எனக்குக் கீழே இருப்பவர் முருகேசு அண்ணன். உடப்பு ஊர்க்காரர், என்னைவிட ஒரு மாரிகாலம் கூடக் கண்டவர் என்று சொல்லிக்கொள்வார். அப்படியிருந்தும் என்னை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார். நீ பல்கலைக்கழகத்தில் மீன் விஞ்ஞானம் படிக்கப் போனதிலிருந்து அவர் தன் ஓமை உன்னிடம் ஒப்படைத்துவிட்டார். நான் படம் போட்டதும் அவர் முதலில் கேட்பது, "நானா, புள்ள பாத்திட்டாவா?" நீ பேராதனையில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் 'சுத்தம்' என்று எழுதினால் அடுத்த நிமிடம் அவருடைய ஓம் வரும். போகப்போக வாய்க்கால் முழுவதும் உன்னிடம் படம் அனுப்பத் தொடங்கியது. இறால் டொக்டர் என்று பெயர் வைத்தார்கள். நீ அதைக் கேட்டு வெட்கப்பட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

படத்தை எப்படி அனுப்பவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்ததும் நீதான். படமாக அனுப்பினால் வழியில் அது சுருங்கிப்போகும், பெரிதாக்கினால் எல்லாம் பூசினதுபோல் ஆகிவிடும், அதனால் கோப்பாக அனுப்புங்கள் என்றாய். எங்கள் ஆட்களுக்கு அதைப் பழக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒருவர் குழுவில் தன் காணி உறுதிப் பத்திரத்தையும் மாறி அனுப்பிவிட்டார். ஆனாலும் பழகினோம். அப்போது எங்கள் போன்கள் எல்லாம் ஜேபெக் என்ற வடிவத்தில் படம் எடுத்தன. பழைய வடிவம் அது. பாண் ரொட்டி மாதிரி, எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கும், எந்த வீட்டிலும் சாப்பிடுவார்கள். எந்தப் போனிலும் திறக்கும், கோப்பாக அனுப்பினால் அசல் அப்படியே போய்ச்சேரும். ஒரு கரைச்சலும் இருக்கவில்லை.

கரைச்சல் உன் உம்மாவின் ரூபத்தில் வந்தது. என் போனில் பாதி அவவுடைய படங்கள். கோழி அடை கிடப்பது, முருங்கை பூப்பது, நோன்புக் கஞ்சி, பெருநாளுக்குத் தைத்த ஒரே சட்டையை நான்கு பக்கமாக எடுத்தது. இடம் இல்லை என்று போன் கத்தத் தொடங்கியது. சிலதை அழிப்போம் என்றேன். "அழிச்சா நான் எதப் பாக்குற? ஒங்கட இறாலையா?" என்று கேட்டா. அந்தப் பெருநாளுக்கு நீ எனக்குப் புதுப் போன் வாங்கித் தந்தாய். தந்த கையோடு அதில் ஒரு அமைப்பையும் மாற்றினாய். புதிய வடிவத்தில் படம் எடுக்கும், கோப்பின் பெயருக்குக் கடைசியில் எச், ஈ, ஐ, சி என்று நான்கு எழுத்து வரும், அதே தெளிவு இருக்கும், ஆனால் ஏறக்குறைய பாதி இடம்தான் பிடிக்கும் என்றாய். நீ சொன்னது முழுக்கச் சரி. நல்லாய் மடித்து வைத்தால் ஒரு அலுமாரியில் இரண்டு அலுமாரிச் சீலை வைக்கலாம். உன் உம்மா மகிழ்ந்துபோய் முருங்கையை மறுபடி எடுத்தா.

அடுத்த நாள் காலையில் நான் வழக்கம்போல இறால் ஓட்டைப் படம் எடுத்துக் கோப்பாகக் குழுவில் போட்டேன். உன் போனில் திறந்தது. வாய்க்காலில் ஒருவருக்கும் திறக்கவில்லை. "நானா, என்னத்த அனுப்பினீங்க, வெறும் பேர்தான் தெரியுது" என்று முருகேசு அண்ணன் எழுதினார். கீழ்க்குளத்துக்காரர் பார்க்காமல் ஓம் இல்லை. தண்ணீர் மாற்றும் நேரம் தவறுகிறது. சந்தியில் போன் கடை வைத்திருப்பவர் ஒரு வழி சொன்னார். படத்தைப் போனில் திறந்து, திரையை அப்படியே ஒரு படம் பிடித்து, அதை அனுப்புங்கள், அது பிஎன்ஜி என்ற வடிவத்தில் வரும், அதில் தரம் ஒரு சொட்டும் குறையாது என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. பிஎன்ஜி தான் வாங்கியதை ஒரு மணிகூடச் சிந்தாமல் வைத்திருக்கும். ஆனால் அது வாங்கியது என் படத்தையல்ல, உள்ளங்கை அகலத் திரையில் தெரிந்த அதன் சாயலை. ஓட்டை வாளியில் கொண்டுவந்த தண்ணீரை எவ்வளவு இறுக்கமான போத்தலில் ஊற்றி மூடினாலும் போனது போனதுதான். அதையும் கோப்பாக அனுப்பாமல் சாதாரணப் படமாகவே அனுப்பினோம், எல்லாருக்கும் சட்டென்று திறந்தது. புதுப் போன் வாங்கிய மற்றவர்களும் இந்த வழியையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு போகம் முழுக்க இப்படித்தான் நடந்தது, ஒரு குறையும் வரவில்லை. குறை வராததால் யாரும் யோசிக்கவில்லை.

அந்தக் காலையைப் பற்றி நீ என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. நடந்தது இவ்வளவுதான். தீன் தட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, இறால் வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்றிருந்தது. முதல்நாள் மழை, அதனால் இருக்கும் என்று எண்ணினேன். வலை போட்டு எடுத்து, ஓட்டைக் கழற்றிச் சூரியனுக்குப் பிடித்தேன். எனக்குப் புள்ளி ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணைப் பற்றி உனக்குத் தெரியும். கண்ணாடி போட்டால் ஓடு தெரியும் வரம்பு தெரியாது, கழற்றினால் வரம்பு தெரியும் ஓடு தெரியாது. கிட்டே வைத்தால் போன் படம் கலங்கும் என்று கொஞ்சம் தள்ளிப் பிடித்து எடுத்தேன். திரையைப் பிடித்தேன், அனுப்பினேன். நீ கண்டியில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு பார்த்தாய். "நல்லாப் பாத்தேன் வாப்பா. சுத்தம்" என்று எழுதினாய். முருகேசு அண்ணன் ஓம் என்றார். நான் மதகைத் திறந்தேன்.

பிறகு நடந்ததை மருமகன் ஊகிப்பார். என் இறால் கரை ஒதுங்கத் தொடங்கியபோது கண்ணாடி தேவைப்படவில்லை, சிவந்துபோய்க் கிடந்தது. அடுத்து முருகேசு அண்ணனுடையது. அவருடைய இறால் பிடிக்கிற பருவத்தில் இருந்தது, இன்னும் கொஞ்சநாள் பொறுத்திருந்தால் லொறி வந்திருக்கும். அவர் நடுப்பகலில் வீட்டுக்கு வந்தார். உன் உம்மா தேத்தண்ணீர் கொடுத்தா, குடித்தார். "வாய்க்காலுக்கு இனித் தண்ணி விடாதீங்க நானா. என்டதையும் நான் அடைச்சிட்டன். குளோரின் போட்டாச்சு" என்றார். சொல்லிவிட்டு அந்த வெயிலிலேயே திரும்பிப் போனார். அவர் உடனே அடைத்தபடியால் அவருக்குக் கீழே இருந்தவர்கள் தப்பினார்கள். அப்படித் தப்பிய ஒருவர்தான் அன்று பின்னேரம் குழுவில், இறால் டொக்டர் லீவில் போய்விட்டாரோ என்று எழுதியவர். நீ அதை வாசித்தாய். குழுவிலிருந்து விலகினாய். அதற்குப் பிறகு யார் எந்தப் படத்தை அனுப்பினாலும் நீ திறக்கவில்லை. என்னுடையதைக்கூட.

உன் கலியாணத்துக்கு முருகேசு அண்ணன் வேட்டி கட்டி வந்தார். மாடு சாப்பிடாதவர், அவருக்கென்று தனியாகச் சகன் தட்டில் கோழிச் சோறு வைத்தோம், சாப்பிட்டார். "புள்ளைய ஒருக்காப் பாத்திட்டுப் போறன்" என்றார். உன் உம்மா உள்ளே வந்து சொன்னா. நீ உடுப்பு மாற்றுவதாகச் சொல்லி அனுப்பினாய். அவர் கதிரையில் உட்கார்ந்து கொஞ்சம் காத்திருந்தார். பிறகு கையில் கொண்டுவந்த பரிசுப் பொதியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அன்று மனம் நொந்தது. உன்மேல் கோபம் வரவில்லை, ஆனால் நொந்தது. அவர் உன்னைக் குற்றம் சொல்ல வரவில்லை என்பது உனக்குத் தெரியும். குற்றம் சொல்லாத மனுசனின் முகத்தைப் பார்ப்பது இன்னும் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

இனி மருமகனுடைய கேள்விக்கு வருகிறேன். விருந்துக்குப் பிறகு அவருக்காக என் போனிலுள்ள கலியாணப் படங்களை எடுத்துக்கொடுக்க நினைத்தேன். சுருங்காமல் கொடுக்கவேண்டும் என்பதால் வயர் போட்டுக் கொம்பியூட்டரில் இணைத்து, எல்லாக் கோப்புகளையும் அப்படியே இறக்கினேன். பெயர்கள் வரிசையாக வந்தன. பழையவற்றில் ஒரே காலைக்கு இரண்டிரண்டு கோப்புகள் இருப்பதைக் கண்டேன். ஒன்று போன் எடுத்த அசல், மற்றது திரையைப் பிடித்தது. அந்தக் காலையைத் தேடி எடுத்தேன். நீ பார்த்த படத்தை முதலில் திறந்து, ஓடு இருந்த இடத்தைப் பெரிதாக்கினேன். இளஞ்சிவப்பாக, மழமழவென்று, ஒரு புள்ளியும் இல்லை. நானாக இருந்தாலும் சுத்தம் என்றுதான் எழுதியிருப்பேன். பிறகு அசலைத் திறந்து அதே இடத்தைப் பெரிதாக்கினேன். கொம்பியூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் காட்டியது. ஓட்டின் உட்பக்கம், ஓரத்தில், உப்புத் தூள் பட்டதுபோல் புள்ளிகள். சின்னதுதான். ஆனால் தெளிவாக, யாரும் மறுக்கமுடியாதபடி இருந்தன. என் போன் பார்த்திருக்கிறது. எங்கள் யாருக்கும் அது வந்துசேரவில்லை.

உன்னில் ஒரு பிழையும் இல்லை என்று எழுதினால் நீ இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய், ஏனென்றால் அது உண்மையில்லை என்று உனக்குத் தெரியும். அனுப்பிய படம் வழமைபோலக் கோப்பாக வரவில்லை என்பதை நீ கவனித்திருக்கலாம். அசலைக் கேட்டிருக்கலாம். என்னிடமும் பிழை இருக்கிறது, நான் அனுப்புகிறதை மாற்றிவிட்டு உனக்குச் சொல்லவில்லை. கடைக்காரர், திறக்கவில்லை என்று அவசரப்பட்டவர்கள், முருங்கைப் பூ, எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. பங்கு போட்டுப் பார்த்தால் உன் பங்கு நீ தூக்கிக்கொண்டு திரிகிற அளவுக்கு வராது. உன் கண் பிழை விடவில்லை. உனக்குக் கிடைத்த படத்தில் இருந்ததை அது சரியாகத்தான் பார்த்தது. நீ தவறவிட்டது ஒரு பதிலை மட்டும்தான். நோய் இருக்கிறது, நோய் இல்லை என்ற இரண்டு பதிலைத்தான் நாங்கள் உன்னிடம் எதிர்பார்த்தோம். 'இந்தப் படத்தில் தெரியாது' என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. டொக்டர் என்று பெயர் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறவர்களிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். அந்த வெட்கத்தை விடு. நீ போகிற இடத்திலும் அதைச் சொல்லவேண்டி வரும்.

மருமகனுக்கு என் பதில் இது. ஒரே வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றி அசலை அழித்துவிட வேண்டாம். போன் எந்த வடிவத்தில் எடுத்ததோ அந்த வடிவத்திலேயே அசலை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு இடங்களில். திறக்காதவர்களுக்குக் கொடுக்க ஜேபெக்கில் ஒரு பிரதி எடுங்கள். அதையும் அசலிலிருந்து நேராக, நல்ல தரத்தில் எடுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பவும் சேமித்தால் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தேயும், அதனால் திருத்துவது பிரதியில் இருக்கட்டும். பிஎன்ஜி எழுத்துள்ள பக்கங்களுக்கு நல்லது, கலியாணப் படத்துக்கு வீணாக இடம் பிடிக்கும். படம் பிடிக்க வந்த ஸ்டூடியோக்காரர் ரோ என்ற பச்சைக் கோப்புகள் தரவா என்று கேட்பார். அது சமைக்காத இறைச்சி, சமைக்கத் தெரிந்தால் வாங்குங்கள். சொந்தக்காரரிடம் படம் கேட்கும்போது கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், திரையைப் பிடித்து அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள், மாமியாக இருந்தாலும் சரி. உன் உம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை, மருமகனே சொல்லட்டும்.

இந்தக் கிழமை அந்த இரண்டு படங்களையும் போனில் எடுத்துக்கொண்டு முருகேசு அண்ணனிடம் போனேன். வற்றிய குளத்துக்குள் இறங்கிச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார். வரம்பில் ஏறி, கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், மறுபடி முதலாவதற்குப் போனார்.

"இது ரெண்டும் ஒரே இறாலா?"

"ஓம். ஒரே இறால்தான். எடுத்ததும் ஒரே தரம்தான்."

"புள்ளைக்கு எது போனது?"

"புள்ளி இல்லாதது."

"இத அவவுக்குக் காட்டினீங்களா?"

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். காட்டினால் நீ திறக்கமாட்டாய் என்றேன். அவர் போனைத் திருப்பித் தந்தார். மழை விட்டதும் மறுபடி குஞ்சு விடப்போவதாகச் சொன்னார். சிலாபத்தில் புதிதாக ஒருவர் படம் பார்த்துச் சொல்கிறாராம், நல்லாய்ப் படித்தவராம், வாய்க்காலில் பலர் அவரிடம் போகிறார்களாம். நீங்களும் அவரிடம்தான் காட்டப்போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, உன்னிடம்தான் என்றார். இனி அசலையே அனுப்புவாராம். தன் ஓமை யாரிடம் கொடுப்பது என்பது தன் விருப்பமாம். எனக்கு அது விளங்கவில்லை. உங்களுக்குக் கோபமே இல்லையா அண்ணன் என்று கேட்டுவிட்டேன்.

"கோவம் இல்லாம இருக்குமா நானா? ஒரு போகம் போயிருக்கு. ஆனா அந்தப் புள்ள விடவேண்டிய பிழைய என்ட குளத்தில விட்டு முடிச்சிட்டா. இனி விடமாட்டா. புது ஆளிட்டப் போனா, அவர் தன்ட முதல் பிழைய எங்க விடுவார்? அதுக்கும் என்ட குளமா?"

இங்கே விடிந்து முருகேசு அண்ணன் படம் அனுப்பும்போது நீ போகும் ஊரில் நடுப்பகல் தாண்டியிருக்கும், வெளிச்சம் நன்றாக இருக்கும். உன்னைக் கேட்காமல் உன் புதுப் போன் இலக்கத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

வாப்பா